படத்தை நிறுத்தி, திரைக்குள் ஓடும் திரையைப் படிப்பது எப்படி?

அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் ஹேக்கிங் காட்சிகளைக் கிண்டல் செய்வது சுலபம். விரல்கள் விசைப்பலகையில் பறக்கும், பச்சை எழுத்துகள் மழையாகக் கொட்டும், அரை நிமிடத்தில் ஒருவர் உள்ளே புகுந்துவிடுவார். ஆனால் அதே காட்சியில் உரைகல்லில் உரசிப் பார்க்கக்கூடிய ஒரு துண்டு இருக்கிறது: நடிகரின் முன்னால் இருக்கும் கணினித் திரையில் ஓடும் எழுத்து. அங்கே ஒரு ஐபி முகவரி (வலையில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் நான்கு எண்கள்) தெரிந்தால் அது சரியா தவறா என்று சொல்லிவிடலாம். ஒரு நிரல் தெரிந்தால் தட்டெழுதி ஓட்டிவிடலாம். கதை பொய்யாக இருக்கலாம், கட்டளை ஓடுமா ஓடாதா என்பதில் பொய்க்கு இடமில்லை.

அந்த எழுத்தைப் பிடிப்பது, வீட்டிலேயே ஒரு மூடிய சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்ப்பது, அதில் தெரியும் ஓட்டை நம்முடைய கணக்குகளிலும் இருக்கிறதா என்று தேடுவது. வேலை இந்த மூன்றுதான்.

பிரேமைப் பிடித்தல்

ஸ்ட்ரீமிங் செயலியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்புக் கட்டம்தான் கிடைக்கும். நகல் பாதுகாப்புக்காகப் படம் தனிப் பாதையில் திரைக்குப் போகிறது, ஸ்கிரீன்ஷாட் கருவியின் கைக்கு அது எட்டுவதில்லை. ஆகவே கையில் இருக்கும் ப்ளூரே வட்டே நல்லது. அதில் படம் 1920க்கு 1080 பிக்சல். டிவிடியில் அகலம் 720தான், டெர்மினல் (கட்டளைத் திரை) எழுத்துகள் புழுப்போல நெளியும்.

விஎல்சியில் காட்சி வந்ததும் நிறுத்துங்கள். ஆங்கில இ விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பிரேமாக நகரும். ஷிஃப்டோடு எஸ் தட்டினால் பிரேம் படமாகச் சேமிக்கப்படும். படம் விநாடிக்கு 24 பிரேம். அரை விநாடி மின்னி மறையும் திரைக்கும் 12 பிரேம் உண்டு. கேமரா அசையாத பிரேமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் பிரேம் போன காட்சியோடு கலங்கியிருக்கும், நடுவில் இருப்பதே தெளிவாக இருக்கும்.

பிறகு பார்த்ததை அப்படியே தட்டெழுதுங்கள், திருத்தாமல். சுழியமும் ஓ எழுத்தும், ஒன்றும் சிறிய எல்லும் குழப்பும். சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அர்த்தம் புரிந்துகொண்டு நாமே நிரப்ப ஆரம்பித்தால், படத்தின் தவறை நாமே திருத்திவிட்டு "சரியாக இருக்கிறதே" என்று பாராட்டுவோம்.

முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரி. நான்கு எண்களில் எதுவும் 255ஐத் தாண்டக்கூடாது. தாண்டியிருந்தால் பெரும்பாலும் அது வேண்டுமென்றே வைத்தது: உண்மையான ஒருவரின் முகவரியைக் காட்டிவிடக்கூடாதே என்று. 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்தும் படக்குழுவுக்கு விவரம் தெரிந்த ஆள் வாய்த்திருக்கிறார் என்று பொருள். 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை உள்வலைக்கு மட்டும். கதாபாத்திரம் வேறொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு 192.168 முகவரிக்குள் நேரடியாகப் புகுந்தால் அந்தக் காட்சியை அங்கேயே அடித்துவிடலாம்.

அடுத்தது இயங்குதளத்தின் பெயர் வரும் வரி. 2010இல் வந்த 'டிரான்: லெகசி'யில் பழைய மேசைத் திரை தன்னைச் சன்4எம் என்றும் ஐ386 என்றும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முன்னது சன் நிறுவனத்தின் ஸ்பார்க் வகைக் கணினி, பின்னது இன்டெல் வகை. ஒரே உடலுக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ். 'ஜுராசிக் பார்க்' படத்தில் சிறுமி பறந்து பறந்து தேடும் முப்பரிமாணக் கோப்புத் திரையோ எல்லோரும் சிரித்த விஷயம். ஆனால் அது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளுக்கு உண்மையிலேயே இருந்த எஃப்எஸ்என் என்ற மென்பொருள். சிரிப்பதற்கு முன் தேடிப் பார்ப்பது நல்லது.

கூடத்தை அமைத்தல்

தேவை: 8 ஜிபி ராம், 50 ஜிபி காலி இடம், பயாஸில் மெய்நிகராக்கம் இயக்கப்பட்ட இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுள்ள மேக்கில் இந்த வழி ஒத்துவராது. அங்கே யூடிஎம் என்ற மென்பொருளில் பழைய இன்டெல் கணினியைப் போலச் செய்து ஓட்டலாம், ஆமை வேகத்தில்.

அதற்குள் இரண்டு மெய்நிகர் மெஷின்கள் வேண்டும். தாக்கும் பக்கத்துக்குக் காலி (Kali) லினக்ஸ், பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் இயங்குதளம். வர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே தயாராக வைத்திருக்கும் பதிப்பை எடுங்கள், 2 ஜிபி ராம் கொடுங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டும் kali என்ற சொல்லே, சிறிய எழுத்தில். அடி வாங்கும் பக்கத்துக்கு மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. பயிற்சிக்காக ஓட்டைகளோடு கட்டப்பட்ட லினக்ஸ் அது. 512 எம்பி ராம் போதும், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எம்எஸ்எஃப்அட்மின் (msfadmin). பதிவிறக்கிய கோப்பின் ஷா256 எண்ணை, தளத்தில் கொடுத்திருந்தால், 64 எழுத்தும் ஒப்பிடுங்கள். பாதுகாப்புப் படிக்கப் போய் மாற்றப்பட்ட கோப்பை நிறுவிக்கொள்வது நல்ல ஆரம்பமல்ல.

மெட்டாஸ்ப்ளாய்டபிள் விஎம்வேருக்கான வட்டுக் கோப்பாக வரும். இறக்குமதி என்ற பட்டியை அழுத்தி அது ஏற்காததால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். புதிய மெஷின் உருவாக்கி, வகையாக 32 பிட் உபுண்டுவைத் தேர்ந்து, வட்டு கேட்கும் இடத்தில் "ஏற்கெனவே உள்ள வட்டு" என்பதைச் சொடுக்கி அந்தக் கோப்பைக் காட்டினால் போதும்.

வலையமைப்புதான் உயிர்நாடி. காலியை முதலில் நாட் (NAT) முறையில் இணையத்தோடு விட்டு, வேண்டிய புதுப்பித்தல்களை முடியுங்கள். பிறகு அணைத்துவிட்டு, இரண்டு மெஷின்களின் அடாப்டர் 1ஐயும் உள்வலை என்ற வகைக்கு மாற்றி, இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டும் வெவ்வேறு வலையாகிவிடும், பிழைச் செய்தியும் வராது. பிரிட்ஜ் வகையைத் தொடவே வேண்டாம். அது ஓட்டை நிறைந்த அந்தப் பழைய லினக்ஸை உங்கள் வைஃபையில் நேரடியாக உட்கார வைத்துவிடும். வீட்டில் தீங்குநிரல் தொற்றிய ஒரு கருவி இருந்தால் அதற்கு அது விருந்து.

உள்வலையில் முகவரி வழங்குபவர் யாரும் கிடையாது. மெஷின்கள் திறந்ததும் ஒன்றையொன்று பார்க்காமல் முழிப்பதற்கு அதுதான் காரணம். நாமே எழுத வேண்டும். காலியில் வலையமைப்புச் சின்னத்தை வலச்சொடுக்கி இணைப்பைத் திருத்தும் இடத்தில் ஐபிவி4 தாவலைக் கைமுறைக்கு மாற்றி, முகவரி 10.2.2.1, முன்னொட்டு 24, நுழைவாயிலை வெறுமையாக விடுங்கள். மெட்டாஸ்ப்ளாய்டபிளில் வரைகலை கிடையாது. சூடோ (sudo, நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது) போட்டு ஐஎஃப்கான்ஃபிக் (ifconfig) கட்டளையை அழைத்து, ஈத்0 (eth0), 10.2.2.2, நெட்மாஸ்க் என்ற சொல், 255.255.255.0 என்று இடைவெளி விட்டு வரிசையாகக் கொடுங்கள். மறுதொடக்கம் செய்தால் இது அழிந்துவிடும், மறுபடி கொடுக்க வேண்டும்.

இரண்டு சோதனை. காலியிலிருந்து 10.2.2.2ஐப் பிங் செய்தால், அதாவது பதில் கேட்டு ஒரு சிறு பொட்டலம் அனுப்பினால், பதில் வர வேண்டும். மெட்டாஸ்ப்ளாய்டபிளிலிருந்து, இணையத்தில் இருக்கும் 8.8.8.8ஐப் பிங் செய்தால் வலையமைப்பை எட்ட முடியவில்லை என்று வர வேண்டும். இரண்டாவது சோதனையில் பதில் வந்தால் கூடத்தின் கதவு திறந்திருக்கிறது, மேலே போகாதீர்கள். இரண்டும் சரி என்றால் இரு மெஷின்களுக்கும் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10.2.2.2

இந்த முகவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2003இல் வந்த 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் மின்நிலையத்துக்குள் புகுந்த டிரினிட்டி தட்டுவது இதே முகவரியை. 10 என்று தொடங்கும் உள்வலை முகவரி. அவள் உட்கார்ந்திருப்பதும் கட்டடத்துக்கு உள்ளே. சரியாகப் பொருந்துகிறது. அவள் பயன்படுத்தும் என்மேப், ஒரு கணினியில் எந்தப் போர்ட்கள் (எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்கின்றன என்று தேடும் நிஜக் கருவி, கோர்டன் லயன் 1997இல் வெளியிட்டது.

அவள் கொடுத்த வரியை நீங்களும் கொடுங்கள். சூடோ, என்மேப், பிறகு ஹைஃபன் வி, ஹைஃபன் ஒட்டிச் சிறிய எஸ், பெரிய எஸ், ஹைஃபன் பெரிய ஓ, கடைசியில் முகவரி. வி என்றால் விவரமாகச் சொல். இரண்டாவது, சின் ஸ்கேன்: இணைப்புக்கான முதல் பொட்டலத்தை மட்டும் அனுப்பி, பதிலைப் பார்த்துவிட்டு, கைகுலுக்கலை முடிக்காமல் விலகுவது. மூன்றாவது, எதிரில் என்ன இயங்குதளம் என்று ஊகி. சூடோ இல்லாமல் கொடுத்தால் பல லினக்ஸ்களில் ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும் என்று நின்றுவிடும், ஏனென்றால் அரைகுறைப் பொட்டலங்களைத் தானே செதுக்கி அனுப்ப அந்த உரிமை தேவை.

படத்தில் 22ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் சேவை) திறந்திருப்பதாக வரும், இயங்குதளம் சரியாகப் பொருந்தவில்லை என்றும் வரும். இதுவும் உண்மைக்குப் பக்கத்தில்தான். இயங்குதளத்தை ஊகிக்க என்மேப்புக்குத் திறந்த போர்ட் ஒன்றும் மூடிய போர்ட் ஒன்றுமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். முன்னால் ஃபயர்வால் நின்றால் ஊகம் தடுமாறும். உங்கள் கூடத்தில் தடுப்பு எதுவும் இல்லாததால் 1000 போர்ட்டில் 977 மூடியும் 23 திறந்தும் கிடக்கும், லினக்ஸ் 2.6 என்றும் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து டிரினிட்டி ஓட்டுவது ஒரு தாக்குதல் நிரல். அதன் பெயர் கற்பனை, அது குறிவைக்கும் ஓட்டை கற்பனையல்ல. எஸ்எஸ்எச்சின் முதல் பதிப்பில் சிஆர்சி32 சரிபார்ப்பை ஏமாற்றும் தாக்குதலைக் கண்டுபிடிக்க 1998இல் ஒரு காவல் நிரலைச் சேர்த்தார்கள். அந்தக் காவல் நிரலிலேயே ஓர் எண் வழிந்தோடும் பிழை இருந்தது. 2001 பிப்ரவரியில் மிகல் சலெவ்ஸ்கி அதை வெளியே சொன்னார். மேட்ரிக்ஸின் உள்ளுலகம் 1999ஐச் சேர்ந்தது. அன்றைக்கு ஓட்டை உண்டு, ஊருக்குத் தெரியாது. அந்தக் காட்சியை எழுதியவருக்கு ஒரு சபாஷ்.

உங்கள் மெட்டாஸ்ப்ளாய்டபிளில் அது பலிக்காது. என்மேப்பில் ஹைஃபன் சிறிய எஸ், பெரிய வி கொடுத்துப் பதிப்பைக் கேட்டால் ஓப்பன்எஸ்எஸ்எச் 4.7 என்று காட்டும். அதற்கு வெகு முன்பே அடைத்துவிட்டார்கள். படத்தில் வரும் கருவியின் பெயரில் எங்காவது கோப்பு கிடைத்தால் உங்கள் சொந்தக் கணினியில் திறக்காதீர்கள். ஆர்வக்கோளாறு உள்ளவர்களைப் பிடிக்க அதைவிட நல்ல தூண்டில் கிடையாது.

அதற்குப் பதிலாக அதே பட்டியலில் 21ஆம் போர்ட்டைப் பாருங்கள். விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்று இருக்கும். 2011இல் இந்த மென்பொருளின் பதிவிறக்கக் கோப்பில் யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள். சினிமாவில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்: பயனர்பெயரின் முடிவில் சிரிப்புக் குறி, அதாவது முக்காற்புள்ளியும் மூடும் அடைப்புக்குறியும், போட்டால் 6200ஆம் போர்ட் திறந்துகொள்ளும்.

முதலில் என்மேப்பில் ஹைஃபன் பி, இடைவெளி, 6200 என்று அந்த ஒரு போர்ட்டை மட்டும் கேளுங்கள், மூடியிருக்கும். எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) கட்டளையால் 10.2.2.2ஐ அழைத்து, ஏதோ ஒரு பெயரோடு சிரிப்புக் குறியைச் சேர்த்துக் கொடுங்கள், கடவுச்சொல் எதுவானாலும் சரி. திரை அப்படியே உறைந்து நிற்கும். அதை மூடாமல் இன்னொரு டெர்மினலில் அதே ஒற்றைப் போர்ட்டை மறுபடி கேளுங்கள். திறந்திருக்கிறது என்று வரும். அந்த ஒற்றைச் சொல் மாறுவதைப் பார்த்தால் போதும், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம். மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினாலும் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. இந்த ஸ்கேனும் சோதனையும் உங்கள் மெஷின்களுக்குள் மட்டுமே. பக்கத்து வீட்டு ரூட்டர் கூடத்தில் சேர்த்தி இல்லை.

அந்தக் காட்சியில் டிரினிட்டி செய்யும் தவறையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ரூட் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதுகிறாள். கட்டளை வரியில் எழுதியது வரலாற்றுக் கோப்பில் தங்கும். நிரல் ஓடும்போது அதே கணினியில் இருக்கும் மற்ற பயனர்கள் நிரல் பட்டியலைப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியும். கடவுச்சொல்லும் சுமார்தான்: இசட்10என்0101. எட்டு எழுத்து, பெரிய எழுத்தும் இலக்கமும் மட்டும். 36ஐ எட்டு முறை பெருக்கினால் சுமார் 2.82 லட்சம் கோடி. கடவுச்சொல்லின் ஹாஷ் (கணினி அதைச் சேமித்து வைக்கும் ஒருவழிக் குறியீடு) திருடுபோய், விநாடிக்கு 1000 கோடி ஊகம் போடும் வசதி ஒருவருக்கு இருந்தால் 282 விநாடி, அதாவது ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதிலும் படத்தில் வரும் சயான் (ZION) என்ற ஊர்ப்பெயரில் ஓ எழுத்தைச் சுழியமாக்கும் வித்தை உடைப்பவர்களின் முதல் விதிகளில் ஒன்று. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இதற்கு மாற்று: பகடையை ஐந்து முறை உருட்டி, 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல். இப்படி ஆறு சொல் எடுத்து இடைவெளி விட்டு எழுதினால் அதே வேகத்துக்குச் சுமார் 7 லட்சம் ஆண்டு. சொற்களை நீங்களே "நன்றாக இருக்கிறதே" என்று பொறுக்கினால் இந்தக் கணக்கு செல்லாது. பகடை சொன்னதுதான் சொல்.

ஓடும் நிரல்: 'எக்ஸ் மகினா'

2014ஆம் ஆண்டின் இந்தப் படத்தில் ஓர் இளைஞன் தட்டும் பைத்தான் நிரல் சில விநாடிகளே திரையில் தெரிகிறது. தட்டெழுதி ஓட்டினால் ஓடும். பதிமூன்று இலக்க ஐஎஸ்பிஎன் (நூல் அடையாள எண்) ஒன்று வரும்.

பைத்தான் 3இல் அப்படியே ஓட்டினால் நிற்கும். சல்லடை செய்யும் சார்பில், 2 முதல் எண்ணில் பாதி வரை என்று ஒரு சுழற்சி இருக்கிறது. பழைய பைத்தான் 2இல் 10000ஐ 2ஆல் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் முழு எண் 5000 வரும்; பைத்தான் 3இல் 5000.0 என்ற தசம எண் வரும். சுழற்சி அதை ஏற்காது. சாய்கோட்டை இரட்டையாக்குங்கள், ஓடிவிடும். கடைசியில் தனியாக நிற்கும் பிரிண்ட் பிழை காட்டாது, ஆனால் வரியையும் மாற்றாது. ஒரு ஜோடி அடைப்புக்குறி போடுங்கள்.

உள்ளே நடப்பது எரட்டோஸ்தனிஸ் சல்லடை. 10000க்குக் கீழுள்ள பகா எண்களைச் சலித்தெடுத்து, 1206ஆவது, 301ஆவது, 384ஆவது, 5ஆவது பகா எண்களைக் கேட்கிறது. அவை 9781, 1993, 2657, 11. அவற்றிலிருந்து முறையே 1, 1, 2, 2 கழிக்கிறது. 9780, 1992, 2655, 9. ஒட்டினால் 9780199226559. உடலையும் அகவாழ்வையும் பற்றி முர்ரே ஷனஹன் எழுதிய நூலின் எண் அது; படத்தின் கருவும் அதுவே.

நீங்கள் பிரேமிலிருந்து எண்களைச் சரியாகப் படித்தீர்களா என்று பார்க்கவும் வழி உண்டு. ஐஎஸ்பிஎன்னின் இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும். இங்கே 130 வருகிறது. ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் பத்தின் மடங்கு தவறிவிடும்.

ஒவ்வோர் எழுத்தாக உடையும் கடவுச்சொல்

ஆயிரம் படங்களில் பார்த்திருப்போம். பத்து கட்டங்களில் எழுத்துகள் சுழலும், ஒவ்வொன்றாக "டக்" என்று நிற்கும். 1983இன் 'வார்கேம்ஸ்' படத்தில் ஏவுகணைக் குறியீட்டைக் கணினி இப்படித்தான் பிடிக்கிறது. பூட்டு என்பது முழுச் சாவி சரியா இல்லையா என்று மட்டுமே சொல்லும், மூன்றாவது பல் பொருந்தியது என்று சொல்லாது. ஆகவே இது அபத்தம் என்பார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் வித்தியாசம் பயங்கரம். பத்து எழுத்துக் குறியீட்டை மொத்தமாக ஊகிக்க 3,656 லட்சம் கோடி வாய்ப்புகள். ஒவ்வோர் எழுத்தாக என்றால் அதிகபட்சம் 360.

அபத்தம்தான், ஆனால் நிஜப் பூட்டுகள் இதே அபத்தத்தைச் செய்திருக்கின்றன. வைஃபை ரூட்டரில், வைஃபை கடவுச்சொல்லைத் தட்டாமல் கருவிகளை இணைக்க டபிள்யூபிஎஸ் என்ற வசதி இருக்கும், எட்டு இலக்கப் பின் எண்ணோடு. முதல் நான்கு இலக்கம் தவறு என்றால் ரூட்டர் அங்கேயே சொல்லிவிடுகிறது. மீதி நான்கில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே பத்தாயிரமும் ஆயிரமும் சேர்ந்து 11,000 முயற்சி போதும். 2011இல் ஸ்டெஃபன் ஃபீபொக் இதை வெளிப்படுத்தினார். ஒரு முயற்சிக்கு 2 விநாடி என்றாலும் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். விண்டோஸின் பழைய எல்எம் ஹாஷும் இதே ரகம்: 14 எழுத்தை ஏழு ஏழாகப் பிளந்து தனித்தனியே வைத்திருந்தது.

இதைக் கண்ணால் பார்க்கப் பைத்தானில் இருபது வரி போதும். பூட்டாக ஒரு சார்பு எழுதுங்கள்: கொடுத்த சொல்லையும் ரகசியச் சொல்லையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடட்டும், பொருந்தினால் 10 மில்லி விநாடி உறங்கட்டும், பொருந்தாத முதல் எழுத்திலேயே இல்லை என்று திரும்பட்டும். உறக்கம் செயற்கைதான், நிஜத்தில் அந்த வித்தியாசம் நானோ விநாடிகளில் இருக்கும், நமக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. உடைக்கும் நிரல் முதல் இடத்தில் 36 எழுத்தையும் போட்டுப் பார்த்து, எது மிக அதிக நேரம் எடுத்ததோ அதை உறுதி செய்துகொண்டு அடுத்த இடத்துக்கு நகரட்டும். நேரத்தை டைம் மாட்யூலின் பெர்ஃப் கவுன்டரால் அளவிடுங்கள், சாதாரணக் கடிகாரம் அவ்வளவு நுணுக்கமாக எண்ணாது. பத்து எழுத்தும் சுமார் 16 விநாடியில் வரிசையாக விழும். சினிமாவில் பார்த்த அதே "டக், டக்."

பிறகு உறக்கத்தை 0.1 மில்லி விநாடியாகக் குறையுங்கள். இப்போது தவறான எழுத்துகள் நடுவில் ஜெயிக்கும், ஏனென்றால் இயங்குதளத்தின் மற்ற வேலைகள் போடும் இரைச்சல் அளவீட்டை அசைக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் 15 முறை போட்டு நடு மதிப்பை எடுத்தால் மறுபடி தேறிவிடும். இரைச்சல் தாக்குபவரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. கடைசியாக, ஒப்பிடும் வரியை எச்மேக் மாட்யூலில் இருக்கும் கம்பேர் டைஜஸ்ட் சார்பால் மாற்றுங்கள். எந்த இடத்தில் பிசகினாலும் ஒரே நேரம் எடுக்கும்படி எழுதப்பட்டது அது. உடைக்கும் நிரல் குருடாகிவிடும்.

வீட்டுக்கான வேலை: ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ் பின்னை அணையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அதேதானா என்று பாருங்கள். யூபிஎன்பி தேவையில்லை என்றால் அதையும் அணையுங்கள். எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் வெளியிலிருந்து கதவு திறந்துகொள்ள வழிவிடுவது அதுதான்.

'வார்கேம்ஸ்' பையன் ஓர் ஊரின் தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் கணினியால் சுழற்றி, மோடம் பதில் சொல்லும் எண்களைப் பட்டியல் போடுவான். இன்றைய வடிவம் போர்ட் ஸ்கேன். உங்கள் ரூட்டர் வெளியுலகுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, கணினியைக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வீட்டின் பொது முகவரியை ஸ்கேன் செய்யலாம். அதற்கு முன் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் இருக்கும் வெளிமுகவரியும், வீட்டு இணைப்பில் இருக்கும்போது "என் ஐபி என்ன" என்று கேட்டால் வருவதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால், வெளியே தெரிவது உங்களுடையதல்ல. இணைய நிறுவனம் பலருக்குப் பொதுவாக வைத்திருப்பது. அதை ஸ்கேன் செய்யாதீர்கள்.

அந்தப் படத்தில் நிஜமாகவே நடந்துகொண்டிருப்பது சத்தமில்லாத இன்னொரு காட்சி. பள்ளி அலுவலகத்தில் காகிதத்தில் எழுதி வைத்த கடவுச்சொல் பட்டியலைப் பையன் பார்த்துக்கொள்கிறான். ராணுவக் கணினிக்குள்ளும் அவன் நுழைவது, அதை உருவாக்கியவரின் வாழ்க்கையைப் படித்து, இறந்துபோன மகனின் பெயரைக் கொடுத்து. உங்கள் கணக்குகளில் "அம்மாவின் பிறந்த ஊர்" வகை ரகசியக் கேள்விகள் இருந்தால் உண்மையான பதிலை எடுத்துவிட்டு, கடவுச்சொல் மேலாளரில் உருவாக்கிய சம்பந்தமில்லாத சொற்களைப் போட்டு அங்கேயே சேமியுங்கள். உண்மை சொல்ல வேண்டிய கட்டாயம் அந்தப் பெட்டிக்கு இல்லை.

பழைய கண் இன்னும் கதவைத் திறக்கிறது

2002இன் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' பற்றிப் பேசினால் எல்லோரும் கண் மாற்று அறுவைச் சிகிச்சையைப் பேசுவார்கள். பாதுகாப்புக் கண்ணால் பார்த்தால் கண்விழி அல்ல விஷயம். காவல்துறையே துரத்தும் ஒருவன், பையில் எடுத்து வைத்திருந்த தன் பழைய கண்ணைக் காட்டித் தலைமையகத்துக்குள் நடக்கிறான். தேடப்படும் ஆளின் அனுமதியை யாரும் ரத்து செய்யவில்லை. பிறகு அவன் மனைவியும் அதே கண்ணை வைத்துச் சிறைக்கூடத்துக்குள் போகிறாள், அப்போதும் ரத்து செய்யவில்லை.

உங்கள் மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்நுழைந்த கருவிகளின் பட்டியலைத் திறங்கள். விற்றுவிட்ட கைபேசி, பழைய அலுவலகக் கணினி இருக்கும். ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாமே வெளியேறிவிடும் என்பது எல்லாச் சேவைக்கும் பொருந்தாது. அதே பக்கத்தில் கணக்கைப் பயன்படுத்த அனுமதி பெற்ற பிற செயலிகள் தனிப் பட்டியலாக இருக்கும். அவற்றுக்குக் கொடுத்த அனுமதி கடவுச்சொல் மாறினாலும் நீடிக்கக்கூடும். மூன்றாவது இடம் பலர் எட்டிப் பார்க்காதது: மின்னஞ்சலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி. ஒருமுறை உள்ளே வந்தவர் போகும்போது விட்டுச்செல்லும் பழைய கண் அதுதான். மீட்பு எண்ணும் இன்னும் உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்று பாருங்கள்.

விரல்ரேகையும் முகமும் வசதி. பின்னால் நிற்கும் கடவு எண்தான் உண்மையான சாவி. தவறுதலாக வேறொருவர் விரலுக்குத் திறக்க வாய்ப்பு 50,000இல் ஒன்று, முகத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்று ஆப்பிள் சொல்கிறது. ஆனால் கைபேசியில் இருப்பது நான்கு இலக்க எண் என்றால் மொத்தமே 10,000தான். தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கு அதுகூட வேண்டாம். ஆறு இலக்கத்துக்கு மாறுங்கள், முடிந்தால் எழுத்தும் சேர்த்து.

"பெரிதாக்கு"

1982இன் 'பிளேட் ரன்னர்' தொடங்கி வைத்த வழக்கம்: மங்கலான புகைப்படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கத் தெளிவாகும். ஒரு கூட்டப் படத்திலிருந்து 20க்கு 20 பிக்சல் முகத்தை வெட்டியெடுங்கள். 400 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 1,200 பைட். அதை 1000க்கு 1000ஆக நீட்டினால் ஒரு புள்ளிக்கு 2,500 புள்ளி. அந்த 2,499ஐ எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கொண்டுவரும், அழகாகவே. தாங்கள் பார்த்துப் பழகிய மற்ற முகங்களிலிருந்து. கிடைப்பது ஒரு முகம், அந்த முகமல்ல.

ஆனால் நம் பக்கம் தலைகீழாக ஏமாறுகிறோம். கணக்கு எண்ணின் மேல் கட்டம் கட்டமாக மங்கலாக்கிப் படத்தை அனுப்பினால் மறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். முகத்துக்கு எண்ணற்ற சாத்தியம். இலக்கத்துக்குப் பத்தே பத்து. அதே எழுத்துருவில் 0 முதல் 9 வரை எழுதி, அதே அளவுக் கட்டத்தில் மங்கலாக்கி, எது பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். உங்கள் கணினியிலேயே செய்து பார்க்கலாம்: ஓர் எண்ணை எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்து 8 பிக்சல் கட்டமாக்குங்கள், பத்து இலக்கத்தையும் தனித்தனியே அதேபோலக் கட்டமாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டங்கள் தொடங்கும் இடம் ஒரு பிக்சல் நகர்ந்தாலும் நிறம் மாறும் என்பதால் கிடையாக எட்டு, செங்குத்தாக எட்டு, ஆக 64 நகர்வுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் தடை.

மறைக்க வேண்டுமென்றால் முழுக் கறுப்புப் பெட்டி, எழுத்தைவிட இரு பக்கமும் அகலமாக, இலக்கங்களின் எண்ணிக்கைகூடத் தெரியாதபடி. கைபேசியின் மார்க்கர் தூரிகை ஆகாது. அது அரை ஒளிபுகும். நான்கு முறை தீட்டினாலும் வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைந்தால் எழுத்து அடியில் அப்படியே உயிரோடு இருக்கும். அனுப்புவதற்கு முன் பக்கம் முழுவதையும் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மறைத்த எண் அங்கே வந்து விழுந்தால், அந்தப் பக்கத்தைப் படமாக மாற்றி, படத்தின் மேல் பெட்டி போட்டு, புதிய கோப்பாகச் சேமித்து அதை அனுப்புங்கள்.